வெயிலில் உருகிய பிளக்

வளைகுடா நாட்டில் நான் பார்த்த வேலையை எங்கள் எஸ்டேட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. "அங்க என்ன வேலைங்க?" என்று கேட்பார்கள். "படகுக்குக் கரண்ட் கொடுக்குற வேலை" என்பேன். "போட்டு தண்ணியிலதான ஓடுது, அதுக்கு எதுக்கு கரண்ட்டு?" என்று சிரிப்பார்கள். மலையில் பிறந்து தேயிலைக்குள் வளர்ந்தவர்களிடம் கடலைப் பற்றி என்ன சொன்னாலும் கதை விடுவது போலத்தான் இருக்கும். கொஞ்ச நாளில் சொல்வதையே விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் அது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பணக்காரர்களின் படகுகள் கரையோரம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். உள்ளே ஏசி, ஃப்ரிட்ஜ், விளக்கு எல்லாம் உண்டு. கரையில் இருக்கும் கம்பத்திலிருந்து தடித்த கேபிள் ஒன்றின் வழியாகப் படகுக்குக் கரண்ட் போகும். சிக்கல் என்னவென்றால், கரண்டை வாங்கிக்கொள்கிற வாய் ஒவ்வொரு நாட்டுப் படகுக்கும் ஒவ்வொரு விதம். ஒன்றில் முள் உருண்டையாக இருக்கும், ஒன்றில் தட்டையாக இருக்கும், அமெரிக்கப் படகில் அரைவட்டமாக வளைந்திருக்கும். எந்தப் படகுக்கு எந்தக் கேபிள், நடுவில் எந்த அடாப்டர் என்று பார்த்துப் போட வேண்டும். நுழைகிறதே என்று மாட்டிவிட்டால் படகே எரியும். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் அப்பா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நீ கரண்ட்டுக்குப் பத்துப் பொருத்தம் பாக்குற சோசியரு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

கம்பெனி ஆளைக் குறைத்தபோது நான் ஊர் திரும்பினேன். அரவேணு பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் எங்கள் வீடு. அப்பா இலங்கையிலிருந்து சிறுவனாக வந்தவர். அதனால் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டை லயம் என்றுதான் சொல்வார். ஆயுள் முழுவதும் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடி உயரமாகிப் போனால் அதைக் கத்தியால் வெட்டித் தட்டையாக்குவது கவ்வாத்து. அவர் ஓய்வு பெற்று வெகு நாளாகிவிட்டது. அம்மா இன்னும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். பங்குனியோடு அவருக்கும் ஓய்வு.

அம்மாவுக்கு ஓய்வு என்றால் எங்களுக்கு வீடு இல்லை என்று அர்த்தம். எஸ்டேட்டில் வீடு ஆளுக்குக் கிடையாது, வேலைக்குத்தான். வேலை போனால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். குடும்பத்தில் யாராவது ஒருவர் பெயர் செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் ஆள் கணக்கில், இருந்தால் மட்டும் அந்த வீட்டில் தொடரலாம். நான் பிறந்த வீடு, என் தங்கை பிறந்து செத்த வீடு, அம்மா அடுப்படியை வருஷா வருஷம் தன் கையால் பூசிய வீடு. இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. எனக்குக் கொழுந்து பறிக்கத் தெரியாது. மருந்தடிக்கிற வேலை காலி இல்லை என்றார்கள். ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி படகு வாங்கினார்.

தேயிலை விலை விழுந்தால் எஸ்டேட்காரர்களுக்கு ரிசார்ட் புத்தி வந்துவிடும். எங்கள் எஸ்டேட்டின் அடிவாரத்தில் மருந்தடிக்கத் தண்ணீர் தேக்கும் ஒரு குளம் உண்டு. அதை டேம் என்போம். அதில் ஒரு படகை மிதக்கவிட்டு, சுற்றுலா வருகிறவர்களை அதற்குள் படுக்கவைத்து வாடகை வாங்கலாம் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. கொச்சியில் எவரோ விற்ற அமெரிக்கப் படகு. இன்ஜினைக் கழற்றிவிட்டு, உள்ளே கட்டிலும், நம்மூர்க் கரண்டில் ஓடுகிற ஹீட்டரும் கீசரும் வைத்து, லாரியில் ஏற்றி மேட்டுப்பாளையம் வழியாகக் கொண்டுவந்தார்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. கோத்தகிரி பஸ்ஸெல்லாம் அதன் பின்னால் வரிசை கட்டி நின்றன. கடலையே பார்க்காத சனம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மலையேறும் படகைப் பார்த்தது.

குளத்தில் இறக்கிய பிறகுதான் தெரிந்தது, அதற்குக் கரண்ட் கொடுக்க வழியில்லை என்பது. படகின் விலாவில் இரும்பு மூடி போட்ட ஒரு வாய். மூடியைத் திறந்தால் உள்ளே மூன்று வளைந்த முள். அதற்குரிய கேபிளைக் கொச்சிக்காரன் கொடுக்கவில்லை. ஃபேக்டரி எலக்ட்ரீசியன் பார்த்துவிட்டு, "இதைக் கழட்டி எறிஞ்சுட்டு நேரா வயரை உள்ள வுட்டுறலாங்க" என்றார். படகு ஒரிஜினலாக இருக்க வேண்டும், அதில் எதையும் கழற்றவோ ஓட்டை போடவோ கூடாது என்று முதலாளியின் உத்தரவு. அப்போதுதான் மேனேஜருக்கு என் ஞாபகம் வந்தது.

எங்கள் பக்கம் மேனேஜரை முதுகுக்குப் பின்னால் தொரை என்போம், நேரில் சார். அவர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். எங்கள் குடும்பத்தில் அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான்.

"வெளிநாட்டுல இதே வேலைதான் பாத்தீங்களாமே?" என்றார்.

"ஆமாங்க சார்."

"முதலாளி திறப்பு விழாவுக்கு வர்றாருங்க. அன்னைக்கு போட்டுல லைட்டு எரியோணும். எரிஞ்சுதுன்னா போட்டுக்குன்னு ஒரு எலக்ட்ரீசியன் போஸ்ட்டு கேட்டு உங்க பேரை செக்ரோல்ல ஏத்திர்றேன். இந்த மாதிரி ஃபாரின் பிளக்கெல்லாம் நம்ம ஆளுகளுக்குத் தெரியாதுன்னு சொன்னா முதலாளி ஒத்துக்குவாரு. ஊடும் உங்க பேருக்கே இருந்துக்கும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். வெகு நேரம் திரும்பவில்லை. அப்பா மட்டும், "நம்ம லயம் நமக்கே. மாரியாத்தா கண்ணைத் தொறந்துட்டா" என்று ஊரைக் கூட்டிவிட்டார். மாரியம்மன் கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

கேபிள் தேடி நான் கோயம்புத்தூரில் அலையாத கடை இல்லை. கடைக்காரர்கள் இருக்கிற எல்லா வகை முனையையும் மேசையில் பரப்பிவிடுவார்கள். நான் செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைப் பார்ப்பார்கள். உதட்டைப் பிதுக்குவார்கள். ஒருவர் மட்டும், "நுழையலைன்னா முள்ளைக் கொஞ்சம் ராவிக்கங்க தம்பி" என்று யோசனை சொன்னார். கடைசியில் என்னோடு வேலை பார்த்த ஒரு சிநேகிதன் லீவில் வரும்போது பெட்டியில் சுற்றிக் கொண்டுவந்தான். மஞ்சள் நிறம், கட்டைவிரல் தடிமன், தண்ணீர் புகாதது. ஒரு முனையில் நீல நிறப் பிளக். அதற்குரிய சாக்கெட் கோயம்புத்தூரிலேயே கிடைத்தது, வாங்கிக் கரைக் கம்பத்தில் பொருத்தினேன். படகு பக்கத்து முனைதான் முக்கியம். ரப்பரோடு சேர்த்து வார்த்த கனத்த தலை, அதன் முகத்தில் அரைவட்டமாக வளைந்த மூன்று ஓட்டைகள். படகின் முள்ளில் வைத்து அழுத்தி, வலப்பக்கம் ஒரு திருகு திருகினால் பூட்டிக்கொள்ளும். படகு அசைந்தாலும் கழன்று வராது.

மாட்டிப் பார்த்த அன்று மத்தியானமே பனி இறங்கிவிட்டது. திருகினேன், பூட்டியது. கம்பத்தில் சுவிட்சைப் போட்டதும் படகின் ஜன்னல்களெல்லாம் மஞ்சளாகப் பூத்தன. கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் கூடையோடு கரையில் நின்றுவிட்டார்கள். அம்மாவும் அதில் இருந்தார். "என் மவன் போட்ட லைட்டு" என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. முக்காட்டுச் சாக்கை இழுத்து விட்டுக்கொண்டு நடந்து போனார். எனக்கு அது போதும் என்றிருந்தது. வாழ்க்கையில் ஒரு வேலை எனக்கென்றே காத்திருந்தது போல் இருந்தது அன்று மட்டும்தான்.

கேபிளைக் கரையில் விட முடியாது. முள்ளம்பன்றி கடிக்கும், குரங்கு இழுக்கும். ஸ்டோரில் எலி. அதனால் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறை ஆணியில் மாட்டினேன். திங்கட்கிழமை திறப்பு விழா. சனி, ஞாயிறு மாரியம்மன் திருவிழா. கரண்ட் கசிந்தால் தானாக டிரிப் ஆகும் ஒரு பிரேக்கர் கம்பத்தில் போட வேண்டியிருந்தது. தண்ணீரோரத்தில் அது இல்லாமல் ஆளைப் படுக்கவைக்க என் மனம் ஒப்பாது. அதை வாங்க சனிக்கிழமை கோயம்புத்தூர் போனவன் அங்கே சிநேகிதன் வீட்டில் தங்கிவிட்டு, ஞாயிறு சாயங்காலம்தான் திரும்பினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மைக் செட் முழங்கியது. கோயிலைச் சுற்றி சீரியல் பல்பு, வேப்பிலைத் தோரணம். வழக்கமாகக் கோயிலுக்குக் கரண்ட் ஃபேக்டரியிலிருந்து வரும். அந்த வருஷம் ஃபேக்டரியில் தர முடியாது என்றுவிட்டார்கள். மேட்டில் இருக்கும் சர்ச்சிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று பாதிரியாரே ஆள் அனுப்பியிருக்கிறார். எங்கள் ஊரில் இது அதிசயம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் கோயில் பந்தல் அவர்களுக்குப் போகும். மேட்டைப் பார்த்தேன். தேயிலைச் செடிகளின் தலைக்கு மேலாக மஞ்சளாக ஒன்று வளைந்து வளைந்து இறங்கி வந்துகொண்டிருந்தது.

என் கேபிள்.

ஓடிப் போய் மைக் செட் மேசைக்கு அடியில் பார்த்தேன். வளைந்த ஓட்டை போட்ட தலையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு மரப்பலகையும் சாதாரண மூன்று ஓட்டைச் சாக்கெட்டும். சர்ச் பக்கத்து முனையில் நீலப் பிளக் போய் வெள்ளைப் பிளக் வந்திருந்தது. அப்பா பட்டு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்பிடிப்பா, பாத்தியா? உன் கேபிளுதான் இன்னைக்கு ஆத்தாளுக்கே வெளிச்சம்."

"தலையை யாருப்பா வெட்டுனது?"

"நாந்தான். உனக்குத் தெரியாதாடா, அது உருகிப் போயிருந்துச்சு. துபாய் வெயிலுல ரப்பரு இளகி, ஓட்டையெல்லாம் கோணிக்கிட்டு வளைஞ்சு கெடந்துச்சு. ஒரு பிளக்கும் நொழையல. உன் சிநேகிதன் உன்னை ஏமாத்திட்டான், நீ வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய சொல்லாம வெச்சிருக்கன்னு நெனைச்சேன். நல்லதா நேரா இருக்குறதை வாங்கிப் போட்டுட்டேன். நாளைக்கு உனக்கும் ஆச்சு."

நான் பொருத்திப் பார்த்த அன்று அவர் கோயில் வேலையாக இருந்தார். முனை படகில் நுழைந்ததை அவர் பார்க்கவே இல்லை. விளக்கு எரிந்தது வேறு எந்த வயரிலோ என்றுதான் நினைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் பிளக் ஓட்டை நேராகத்தான் இருக்கும்.

"வெட்டுனது எங்க?" என்றேன். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லி, பிரசாதக் கூடைக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். கையில் வாங்கி வெட்டு வாயைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சாண் வயர் விட்டு வெட்டியிருந்தால் கூட இணைத்திருப்பேன். அவர் கவ்வாத்துக்காரர். கணுவை ஒட்டிச் சரிவாக, ஒரே வெட்டில், பிசிறில்லாமல் வெட்டுவதுதான் நல்ல கவ்வாத்து என்று ஆயுசெல்லாம் பேர் வாங்கியவர். ரப்பர் தலையின் கழுத்தை ஒட்டி அப்படியே வெட்டியிருந்தார். இணைக்க உள்ளே ஒரு நூல் செம்பு கூட வெளியே இல்லை. வார்த்த தலையைப் பிரிக்கவும் முடியாது.

கோயில் என்று பார்க்கவில்லை, சனம் என்று பார்க்கவில்லை. "உங்க திருவிழாவுக்கு என் ஊட்டை வெட்டிட்டீங்களே!" என்று கத்தினேன். மைக்கில் பாட்டு ஓடியதால் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் நான் குடித்திருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். அப்பா, "சாமி இருக்குற எடத்துல என்னடா பேச்சு" என்று மாலையைச் சரி செய்தபடி போய்விட்டார்.

மறுநாள் காலையில் மேனேஜரிடம் உள்ளதைச் சொன்னேன். "முதலாளி குன்னூர் தாண்டிட்டாருங்க. இன்னைக்கு எரியலைன்னா உங்க பேரு மட்டுமில்ல, எம் பேரும் போயிரும். எப்பிடியோ எரிய வெய்யுங்க" என்றார். வேறு வழி இல்லை. படகின் விலாவிலிருந்து அந்த அமெரிக்க வாயை நானே கழற்றினேன். அது இருந்த துவாரத்தின் வழியாகக் கேபிளை நேராக உள்ளே விட்டு, ஒழுகாமல் சுற்றி அடைத்து, உள்ளே இருந்த போர்டில் முறுக்கினேன். வாங்கி வந்த பிரேக்கரைக் கம்பத்தில் போட்டுவிட்டதால் ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் ஃபேக்டரி எலக்ட்ரீசியன் முதல் நாளே சொன்ன வேலை அதுதான். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு அதையே என் கையால் செய்தேன்.

முதலாளி வந்தார். ரிப்பன் வெட்டி, சுவிட்சைத் தட்டினார். விளக்கெல்லாம் எரிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். வடையைக் கடித்துக்கொண்டே படகை ஒரு சுற்று பார்த்தவர், "ஏதோ ஃபாரின் பிளக், பெரிய பிரச்சினைன்னு சொன்னீங்களே?" என்றார்.

மேனேஜர், "அதை எடுத்துட்டு சிம்பிளா பண்ணியாச்சு சார்" என்றார்.

"நல்லதாப் போச்சு. அப்ப இதுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு? நம்ம ஃபேக்டரி ஆளே பாத்துக்குவாரே."

ஒரிஜினல் போச்சே என்று அவர் கேட்கவில்லை. அந்த வாய் இருந்ததா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாது. விரலில் ஒட்டிய எண்ணெயைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டே அந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வடைக்குப் போய்விட்டார். நான் நாலடி தள்ளி, ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தேன். பொருந்தாத பிளக் ஒன்று இருந்தவரை எனக்கு அங்கே இடம் இருந்தது. எல்லாம் பொருந்திய பின் நான் யார்?

மேனேஜரை ஒரு வாரம் துரத்தினேன். கண்ணில் படாமல் ஜீப்பில் போனார். கடைசியில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டர் இடத்தில் பிடித்தேன். "முதலாளி சொன்னதை நீங்களும் கேட்டீங்கல்ல. நான் என்னங்க பண்ணட்டும்?" என்றார். அதற்கப்புறம் அவர் எனக்கு நாற்காலி போடவில்லை. ஆற்றைக் கடக்கும் வரைதான் அண்ணன் தம்பி. இங்கே ஆறு கூட இல்லை, மருந்தடிக்கிற குட்டை.

பங்குனி முடிந்தது. அம்மா கூடையைத் திருப்பிக் கொடுத்தார், அப்புறம் சாவியைக் கொடுத்தார். அரவேணுவில் ஒரு கடைக்குப் பின்பக்கம் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தோம். நான் குன்னூர், கோத்தகிரி என்று ஹோட்டல்களில் கீசர் ரிப்பேர் பார்க்கிறேன். அம்மா வாடகை வீட்டுச் சுவரைப் பூசுவதில்லை. கேட்டால், "யாரு ஊட்டு செவுரு" என்பார்.

அப்பாவை நான் மன்னிக்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கூடக் கேட்காத நாட்கள் உண்டு. அவரோ டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "எஸ்டேட்டு போட்டுல லைட்டு எரியுதே, அந்த கேபிளை நேர் பண்ணுனது நாந்தான்" என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது என் காதில் விழும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். இந்த மனிதருக்கு என்ன நடந்தது என்பதே உறைக்கவில்லையே, இவருக்குப் போய் மகனாகப் பிறந்தேனே என்று அம்மாவிடம் கத்துவேன். அவர் காதில் விழட்டும் என்றே கத்துவேன்.

மறு வருஷம் நாள் குறித்துத் திருவிழா சாட்டினார்கள். அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கோயில் வரியைப் பையில் வைத்துக்கொண்டு, காலையிலேயே எஸ்டேட்டுக்கு நடந்து போனார். சோற்று வேளைக்குத் திரும்பி வந்துவிட்டார். வரியும் பையிலேயே இருந்தது.

"என்னங்க, வாங்கிக்கலியா?" என்றார் அம்மா.

"வரி லயத்துக்காம், ஆளுக்கு இல்லியாம். மருவாதியாத்தான் சொன்னானுங்க. வெளியூரு ஆளுங்க வந்து சாமி கும்புட்டுட்டு, பந்தியில சாப்புட்டுட்டுப் போலாமாம்."

இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கோயிலுக்கு வேப்பிலை கட்டியவர். எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒரு வருஷமாக வாய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தவன் போலக் கேட்டேன்.

"யாராலப்பா வெளியூரு ஆளானோம்?"

அப்பா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைவதை நிறுத்தவில்லை.

"என்னாலதான். எனக்குத் தெரியாதுன்னா நெனைச்ச? மொதலாளி சொன்னப்ப நானும் கரையிலதான்டா நின்னேன்."

"அப்புறம் ஏன் கடையில உக்காந்துக்கிட்டு பீத்துறீங்க?"

"வேற என்னத்தைச் சொல்றது? கேக்குறவங்ககிட்ட, என் கையாலதான் எங்க ஊடு போச்சுன்னு சொல்லவா?"

அம்மா அவருக்கு ரசம் ஊற்றினார். எனக்கும் ஊற்றினார். ஒரு வருஷமாக ஒன்றும் தெரியாதவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்ற நிம்மதியும் அத்தோடு போயிற்று. தெரிந்தேதான் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கோபம் மட்டும் போகவில்லை, இன்றுவரை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அதை அவர் மேல் காட்ட எனக்கு வாய் வரவில்லை.